மார்கழிப் பனியில் ஒட்டிக்கொண்ட துளி: செப்புத் தகட்டு நானோ ஊசிகள் பற்றி ஒரு நிகழ்வு ஆய்வு

நீர் ஒட்டாமல் உருண்டோட வேண்டும் என்று நானோ ஊசிகள் வளர்த்து, மேலே மெழுகு போன்ற ஸ்டியரிக் அமிலம் பூசிய செப்புத் தகடுகள் இவை. மார்கழி விடியலில் மொட்டைமாடியிலிருந்து எடுத்த ஆறு தகடுகளிலும் பனித்துளி ஒட்டிக்கொண்டிருந்தது. தகட்டைச் செங்குத்தாக நிறுத்தினாலும் இறங்கவில்லை, கவிழ்த்தாலும் விழவில்லை. முந்தின நாள் மாலை அதே தகடுகளில் ஊசிக்குழாயால் விட்ட துளிகள் 150°க்கு மேல் தொடுகோணம் (துளியின் விளிம்பு தகட்டோடு நீருக்குள்ளாக ஆக்கும் கோணம்; துளி எவ்வளவு உருண்டையோ அவ்வளவு பெரிது) காட்டியிருந்தன. ஐந்து டிகிரி சாய்ப்பதற்குள் உருண்டோடின. காலை வெயிலில் தகடு காய்ந்தபின் மறுபடி துளி விட்டால் பழையபடியே உருண்டது.

இதை தஞ்சாவூருக்கும் கும்பகோணத்துக்கும் இடையே ஒரு கல்லூரி இயற்பியல் ஆய்வகத்தில் நடப்பதாக வைத்து எழுதியிருக்கிறோம். பல மேசைகளில் தனித்தனியே வரும் பிழைகளை ஒரே மேசையில் சேர்த்திருப்பதால், இங்குள்ள அளவுகளை ஒரு குறிப்பிட்ட தகட்டின் பதிவாகக் கொள்ள வேண்டாம். இந்த முறையில் எதிர்பார்க்க வேண்டிய அளவுகளாகப் படிக்கவும்.

வெயிலில் காய்ந்ததும் குணம் திரும்பிவிட்டது என்பதுதான் முக்கியத் தடயம். பூச்சு கரைந்துபோயிருந்தால் திரும்பியிராது. ஊசிகள் முறிந்திருந்தாலும் திரும்பியிராது. தகடு கெடவில்லை. மாலையில் வைத்த சோதனையும் விடியலில் வந்த சோதனையும் வேறு வேறு, அவ்வளவுதான். மாலையில் துளி மேலிருந்து வந்து உட்கார்ந்தது. விடியலில் துளி ஊசிகளுக்கு நடுவிலேயே பிறந்தது.

தாமரை இலைத் தண்ணீர் என்று ஒட்டாமைக்கு உவமை சொல்லிப் பழகிவிட்டோம். அந்த இலையே பனிக்குத் தோற்கும் என்பதை 2005-இல் செங், ரோடாக் என்ற ஆய்வாளர்கள் காட்டினார்கள்: மேலிருந்து விட்ட துளி உருளும் அதே இலையில், ஆவி குளிர்ந்து படிந்த துளி ஒட்டிக்கொள்கிறது. இலையின் பரப்பில் சுமார் 10 மைக்ரான் அளவுக் குமிழ்களும், அவற்றின் மேல் சுமார் 100 நானோமீட்டர் தடிமனுள்ள மெழுகுக் குழல்களும் இருக்கின்றன. குமிழ்களுக்கு இடையிலான பள்ளம் ஒரு பிஞ்சுத் துளிக்குப் பெரிய குளம். அது அங்கேயே பிறந்து பள்ளத்தை நிரப்பிவிட்டால், மேலே உருண்டையாகத் தெரிந்தாலும் கீழே வேர் விட்டிருக்கும்.

ஊர்ப்பக்கத்தில் நெல் இலையை ஒப்புக்கு எடுப்பவர்கள் இங்கே ஒரு பிழை செய்வார்கள். விடியலில் நெல் இலையின் நுனியில் வரிசையாக நிற்கும் மணிகளில் பெரும்பகுதி பனியல்ல. இலை நுனித் துளைகள் வழியே பயிரே கசியவிட்ட நீர். ஒட்டும் தன்மையைப் பார்க்க வேண்டுமானால் நுனியை விட்டுவிட்டு இலையின் நடுப்பரப்பைப் பார்க்க வேண்டும்.

இரண்டு சமன்பாடு

வென்சல் 1936-இல் சொன்னது, நீர் பள்ளங்களை முழுக்க நிரப்பிய நிலை: தோற்றத் தொடுகோணத்தின் கோசைன் = சொரசொரப்பு விகிதம் (மேடுபள்ளம் சேர்த்த பரப்பை மேலிருந்து தெரியும் பரப்பால் வகுத்தது) × தட்டைப் பரப்பின் தொடுகோணக் கோசைன். காசியும் பாக்ஸ்டரும் 1944-இல் சொன்னது, துளி முனைகளின் மேல் நின்று கீழே காற்று சிறைப்பட்ட நிலை: தோற்றக் கோசைன் = தொடும் பங்கு × (தட்டைக் கோசைன் + 1) − 1.

ஸ்டியரிக் அமிலம் பூசிய தட்டைச் செம்பில் தொடுகோணம் 105° என்று வைப்போம். தோற்றக் கோணம் 155° வர, இரண்டாவது சமன்பாட்டின்படி தொடும் பங்கு சுமார் 0.13. துளிக்கு அடியில் எட்டில் ஒரு பங்கு பரப்பே ஊசி முனை, மீதியெல்லாம் காற்று. இந்தக் காற்றுதான் மெத்தை. பனி அந்த மெத்தைக்குள்ளேயே படியும்போது நாம் கணக்கிட்ட நிலையே இல்லாமல் போகிறது.

கோணம் மட்டும் பார்த்துத் தேர்ச்சி போடுவது இந்தத் துறையில் பரவலான பழக்கம். ரோஜா இதழில் துளி 150°க்கு மேல் நிற்கும், தலைகீழாகப் பிடித்தாலும் விழாது. ஆகவே பதிவேட்டில் குறைந்தது மூன்று பத்தி வேண்டும்: நிலைக் கோணம் (அசையாமல் நிற்கும் துளியின் தொடுகோணம்), துளியின் கொள்ளளவோடு சேர்த்து உருளும் சாய்வு, ஆவி படிந்தபின் உருளும் சாய்வு. மூன்றாவது பத்தி இல்லாத பதிவேடுதான் இந்த ஆறு தகடுகளுக்கும் தேர்ச்சி கொடுத்தது.

தகடு செய்த விதம்

செம்புதான் வேண்டும், பித்தளை கூடாது. கும்பகோணத்துப் பாத்திரக் கடைகளில் தகடு கிடைக்கும். ஆனால் பளபளப்புக்காக மேலே வார்னிஷ் ஓட்டிய தகட்டைத் தெரியாமல் வாங்கிவந்தால் குளியலில் ஒன்றுமே நடக்காது. பித்தளையில் இருக்கும் துத்தநாகம் காரத்தில் கரைந்து, ஊசிகள் திட்டுத்திட்டாக வரும். 0.3 மி.மீ. தடிமன், 3 × 3 செ.மீ. துண்டு வசதியானது, பின்னால் வரும் பெல்டியர் தகட்டின் (மின்சாரம் செலுத்தினால் ஒரு பக்கம் குளிரும் தகடு) மேல் அப்படியே உட்காரும்.

உப்புத்தாள் 800, 1200, 2000 என்ற வரிசையில் ஒரே திசையில் தேய்த்து, ஒவ்வொரு தாளுக்கும் திசையை 90° மாற்ற வேண்டும். பிறகு அசிட்டோன், எத்தனால், அயனி நீக்கிய தண்ணீர். அதன்பின் பழைய ஆக்சைடை எடுக்க சுமார் 1 மோலார் ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் அரை நிமிடம். அடர் அமிலம் 9 மி.லி.யை 91 மி.லி. தண்ணீரில் ஊற்றினால் ஏறத்தாழ இந்தச் செறிவு வரும். ஊற்றும் வரிசையை மாற்றக் கூடாது. அலசி, ஈரத்தோடு உடனே குளியலுக்குப் போக வேண்டும். பத்து நிமிடம் மேசையில் கிடந்தால் விரல் ரேகை பதிந்த இடம் நீலப் படலத்தில் அச்சாகத் தெரியும். பின்புறத்தில் முன்கூட்டியே நகப்பூச்சு இரண்டு கோட் அடித்துவிட்டால் அந்தப் பக்கம் ஊசி வளராது. ஸ்டியரிக் அமிலத்துக்குப் போகுமுன் அசிட்டோன் தொட்ட பஞ்சால் அதை எடுத்துவிடலாம்.

குளியல்: 100 மி.லி. அயனி நீக்கிய தண்ணீரில் காஸ்டிக் சோடா 10 கிராம், அதாவது 2.5 மோலார், அம்மோனியம் பெர்சல்பேட் 2.28 கிராம், அதாவது 0.1 மோலார். செம்பு கரைந்து செப்பு ஹைட்ராக்சைடாகத் தகட்டின் மேலேயே ஊசி ஊசியாகப் படிகிறது. கூடவே சோடியம் சல்பேட்டும் அம்மோனியாவும் வரும். நெடி வரும், ஜன்னல் திறந்திருக்கட்டும். கையுறையும் கண்ணாடியும் கட்டாயம்.

எளிய முறைதான், ஆனால் மூன்று இடத்தில் வழுக்கும்.

முதலாவது சூடு. 10 கிராம் காஸ்டிக் சோடா கரையும்போது சுமார் 11 கிலோஜூல் வெளிவருகிறது, 100 மி.லி. தண்ணீரை அது 25 டிகிரிக்கு மேல் ஏற்றிவிடும். 28 டிகிரி அறையில் குளியல் 50 டிகிரியைத் தாண்டி நிற்கும். அந்தச் சூட்டோடு பெர்சல்பேட்டைப் போட்டுத் தகட்டை இறக்கினால் நீல ஊசிக்குப் பதில் கறுப்பு ஆக்சைடுதான் வரும். காஸ்டிக் கரைசலை ஒரு வாளித் தண்ணீரில் நிறுத்தி 25 டிகிரிக்குக் கொண்டுவந்த பிறகே பெர்சல்பேட். அதைப் போட்டதும் தகட்டை இறக்கிவிட வேண்டும், ஏனெனில் காரத்தில் அது தானாகவே சிதைந்துகொண்டிருக்கும். சித்திரை வைகாசியில் குழாய்த் தண்ணீரே 30 டிகிரிக்கு மேல் வரும்போது வாளியில் ஐஸ் போட்டாக வேண்டும்.

இரண்டாவது பெர்சல்பேட் டப்பா. ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் மூடி சரியாக இறுகாத டப்பாவுக்குள் ஈரம் ஏறி, தூள் கட்டியாகி, வீரியம் போய்விடும். எடை சரியாக இருக்கும், வேலை நடக்காது. புதுத் தூளில் ஓரிரு நிமிடத்தில் தகடு வெளிர் நீலமாக வேண்டும். ஐந்து நிமிடமாகியும் செம்பு நிறமே தெரிந்தால் டப்பாவை மாற்றுங்கள், நேரத்தை நீட்டாதீர்கள். டப்பாவை சிலிக்கா ஜெல் போட்ட டெசிகேட்டரில் (ஈரம் புகாத கண்ணாடிக் கலத்தில்) வைப்பது சிக்கனம்.

மூன்றாவது தண்ணீர். போர் தண்ணீரில் காஸ்டிக் போட்டவுடன் கால்சியமும் மெக்னீசியமும் வெள்ளையாகத் திரிந்து ஊசிகளின் மேலேயே படியும். கடைசி அலசலுக்குப் போர் தண்ணீரைப் பயன்படுத்துவது இன்னும் மோசம். காய்ந்தபின் தங்கும் உப்புத் துகள் ஒவ்வொன்றும் பனிக்கு ஒரு விதை. சோடியம் குளோரைடு 75 சதவீத ஈரப்பதத்திலேயே காற்றிலிருந்து நீரை இழுத்துக் கரைந்துவிடும். பனிநிலைக்கு, அதாவது காற்றின் ஆவி நீராகப் படியத் தொடங்கும் வெப்பநிலைக்கு, குளிர வேண்டிய அவசியமே இல்லை.

நிகழ்வில் வந்த தகடுகள் இருபது நிமிடம் குளியலில் நின்றவை. கிளிப்பில் செங்குத்தாகத் தொங்கவிட்டு எடுத்து, தண்ணீரில் அலசி, ஹேர் டிரையரால் காயவைத்து, 0.01 மோலார் ஸ்டியரிக் அமிலத்தில் இரவு முழுக்கப் போட்டிருந்தார்கள். 100 மி.லி. எத்தனாலுக்கு 0.28 கிராம் என்பது சரியான அளவுதான். இந்தப் பத்தியில் மூன்று தவறுகள் இருக்கின்றன. மூன்றும் மாலைச் சோதனையில் தெரியாதவை.

முதலில் போன தவறான வழிகள்

முதல் சந்தேகம் பூச்சின் மேல் விழுந்தது. ஸ்டியரிக் அமிலம் போதவில்லை என்று எண்ணி, மறுபடி ஒரு நாள் ஊறவைத்தார்கள். நிலைமை மோசமானது, காரணம் கீழே வருகிறது.

இரண்டாவது, ஒப்புத் தகடு. பக்கத்தில் வெறும் மெருகிட்ட செப்புத் தகடு ஒன்றும் மாடியில் வைக்கப்பட்டிருந்தது. காலையில் அது ஏறக்குறைய உலர்ந்திருந்தது. பூச்சே இல்லாத செம்பு பனியை விலக்குகிறது என்று ஒரு விசித்திர முடிவு பதிவேட்டில் ஏறிவிட்டது. உண்மையில் மெருகிட்ட செம்பின் கதிர்வீச்சுத் திறன் 0.05-க்கும் குறைவு, இரவு வானத்துக்கு அது வெப்பத்தை அனுப்பவே அனுப்பாது, எனவே பனிநிலைக்குக் குளிரவில்லை, பனியே படியவில்லை. ஆக்சைடும் ஹைட்ராக்சைடும் படிந்த தகடு நன்றாகக் கதிர்வீசிக் குளிர்ந்துவிடும். ஒன்றில் பனி விழுந்தது, மற்றதில் விழவில்லை; விலக்கும் தன்மையை ஒப்பிட இதில் ஒன்றுமே இல்லை. சரியான ஒப்பு, அதே குளியலில் ஊசி வளர்த்து ஸ்டியரிக் அமிலம் மட்டும் போடாத தகடு. அதன் நிறமும் கதிர்வீச்சும் ஏறத்தாழ ஒன்றாக இருக்கும்.

மூன்றாவது, ஊசிக்குழாய். துளி விட இன்சுலின் ஊசிக்குழாயைப் பயன்படுத்துவது நல்ல யோசனை, ஏனெனில் சுமார் 0.25 மி.மீ. ஊசியின் வாயில் நீர் பிடித்துக்கொள்ளும் அதிகபட்ச விசை 57 மைக்ரோநியூட்டன்தான், அதாவது கிட்டத்தட்ட 6 மில்லிகிராம் எடை. அதற்கு மேற்பட்ட துளி தானாக விழும். 0.5 மி.மீ. ஊசியில் இதுவே 11 மில்லிகிராமைத் தாண்டும். 5 மைக்ரோலிட்டர் துளி ஊசியோடு திரும்பிப் போய்விடும், தகட்டில் நிற்காது. ஆனால் நம் மருந்துக் கடைகளில் இரண்டு வகை இன்சுலின் குழாய் உண்டு. சிவப்பு மூடி யு-40-இல் ஒரு யூனிட் என்பது 25 மைக்ரோலிட்டர். ஆரஞ்சு மூடி யு-100-இல் 10 மைக்ரோலிட்டர். சிவப்பு மூடியைக் கையில் வைத்துக்கொண்டு 10 மைக்ரோலிட்டர் என்று எழுதியிருந்தார்கள். இரண்டரை மடங்கு துளி, தன் எடையாலேயே குறைந்த சாய்வில் உருண்டுவிடும். தகடு இருப்பதைவிட நல்லதாகத் தோன்றும். எடையால் தட்டையாகிய துளிக்கு வட்டம் பொருத்திக் கோணம் எடுப்பதும் தப்பு. 25 மைக்ரோலிட்டர் துளியின் ஆரம் 1.8 மி.மீ.; நீரின் நுண்புழை நீளம் (பரப்பு இழுவிசையை எடை மிஞ்சத் தொடங்கும் அளவு) 2.7 மி.மீ. இரண்டும் இவ்வளவு நெருங்கிவிட்டால் துளி கோளமாக நிற்காது.

கோண அளவையிலேயே இன்னொரு பலவீனம் உண்டு. 150°க்கு மேல் துளியும் தகடும் தொடும் கோடு துளியின் நிழலுக்குள் மறைந்திருக்கும். படத்தில் அடிக்கோட்டை ஒரு பிக்சல் ஏற்றி இறக்கினாலே கோணம் சில டிகிரி நகரும். கைபேசியில் மேக்ரோ லென்ஸ், பின்னால் டிரேசிங் தாள் ஒட்டிய வெள்ளை விளக்கு, கேமரா தகட்டின் மட்டத்தில். இமேஜ்ஜே மென்பொருளில் அளவு. இவ்வளவு போதும், ஆனால் 154.3° என்று தசமம் எழுதுவது வீண்.

உருளும் சாய்வு இதைவிட நம்பகமானது, ஏனென்றால் அதிலிருந்து ஒட்டு விசை நேராக வருகிறது. 10 மைக்ரோலிட்டர் துளி 5° சாய்வில் உருண்டால், சரிவில் இழுக்கும் விசை 8.5 மைக்ரோநியூட்டன். துளியின் அடி அகலம் 1.1 மி.மீ. என்றால், முன்னேறும் கோணத்துக்கும் (நகரும் துளியின் முன் விளிம்பில்) பின்வாங்கும் கோணத்துக்கும் (பின் விளிம்பில்) உள்ள கோசைன் வேறுபாடு சுமார் 0.1. முன்னேறும் கோணம் 158° என்றால் பின்வாங்கும் கோணம் 145° பக்கம். அதே துளி 90°இலும் நகராவிட்டால் ஒட்டு விசை குறைந்தது 98 மைக்ரோநியூட்டன்: பதினோரு மடங்குக்கு மேல். நிலைக் கோணம் இந்த இரண்டு தகட்டுக்கும் ஒன்றாகவே இருக்கலாம்.

ஊசிகள் கூடாரம் அடித்த கதை

காரணத்தை முதலில் காட்டியது சாதாரண ஒளி நுண்ணோக்கி. நீலப் படலம் முழுக்கக் கோடை வயல் வெடித்த மாதிரி வலைப்பின்னல் தெரிந்தது. அந்த வெடிப்புகள் படலத்தின் விரிசல் அல்ல. ஊசிகள் நுனியோடு நுனி சாய்ந்து கட்டுக்கட்டாகச் சேர்ந்ததால் கட்டுகளுக்கு நடுவே விழுந்த இடைவெளி.

ஊசிகள் நூறு முதல் சில நூறு நானோமீட்டர் தடிமனும், நேரத்தைப் பொறுத்துச் சில மைக்ரான் முதல் பத்து மைக்ரான் வரை நீளமும் உடையவை. நீளம் இரட்டித்தால் நுனியை அதே அளவு வளைக்க எட்டில் ஒரு பங்கு விசை போதும். தண்ணீர் காயும்போது ஊசிகளுக்கு நடுவே இருக்கும் மெனிஸ்கஸ் (வளைந்த நீர்ப்பரப்பு) அவற்றை இழுக்கிறது. தண்ணீரின் பரப்பு இழுவிசை மீட்டருக்கு 72 மில்லிநியூட்டன், எத்தனாலுடையது 22. இருபது நிமிடம் வளர்ந்த நெட்டை ஊசியை 72 உள்ள தண்ணீரில் அலசிச் சூடான காற்றில் காயவைத்தால், நாற்றங்காலில் காற்றடித்துச் சாய்ந்த பயிர்போல ஒன்றின்மேல் ஒன்று சாய்ந்து கூடாரம் அடிக்கும். ஒருமுறை ஒட்டிய நுனிகள் பிரியாது.

இப்போது கணக்கு தெளிவாகிறது. ஊசிகள் தனித்தனியே நின்றால் இடைவெளி ஒரு மைக்ரானுக்குள். கூடாரம் அடித்தால் சில மைக்ரான் அகலப் பள்ளங்கள். மேலிருந்து வரும் 1.3 மி.மீ. ஆரத் துளிக்கு இரண்டும் ஒன்றே. சொல்லப்போனால் கூடாரப் பரப்பில் தொடும் பங்கு குறைவதால் கோணம் இன்னும் அழகாக வரும்! பிறக்கும் பனித்துளிக்கு அப்படியில்லை. பள்ளத்துக்குள் பிறந்து, அங்கேயே வளர்ந்து, விளிம்பைத் தொட்டபிறகே வெளியே தெரியும்.

இருபது நிமிடத்துக்கு இன்னொரு விளைவும் உண்டு. நேரம் கூடக்கூட ஊசிக்காட்டின் மேல் கருப்புப் பூப்போல ஆக்சைடுக் கொத்துகள் அங்கங்கே உட்காரும். தகட்டைச் சாய்த்து விளக்கில் பார்த்தால் நீலத்தில் கரும்புள்ளிகள். அவையும் மைக்ரான் அளவுக் குகைகள்தான்.

மூன்றாவது தவறு ஸ்டியரிக் அமிலத்தில் இரவு முழுக்கப் போட்டது. செப்பு ஹைட்ராக்சைடும் ஸ்டியரிக் அமிலமும் சேர்ந்தால் செப்பு ஸ்டியரேட்டும் தண்ணீரும் வரும். ஒரு மூலக்கூறு அடுக்கு மூட சில நிமிடம் போதும். அதற்குப் பிறகு வினை நிற்காமல் ஊசியையே தின்று, பச்சை கலந்த மெழுகுத் தகடுகளாக இடைவெளிகளை அடைத்துக்கொண்டு வளரும். மறுபடி ஒரு நாள் ஊறவைத்தபோது நிலைமை மோசமானதன் காரணம் இது. தகடு தொட்டால் மெழுகுபோல வழுக்கினால் அதிகமாக ஊறிவிட்டது என்று அர்த்தம்.

திருத்திய முறை

ஒரே நேரத்தில் மூன்றையும் மாற்றினால் எது வேலை செய்தது என்று தெரியாது. ஆகவே ஒன்றொன்றாக.

குளியல் நேரத்தை இருபதிலிருந்து ஐந்து நிமிடமாகக் குறைத்து மற்றதை அப்படியே விட்டால், வலைப்பின்னல் மெலிகிறது, மறையவில்லை. நேரம் ஐந்து, கடைசி அலசல் எத்தனாலில் இரண்டு முறை, ஹேர் டிரையர் இல்லாமல் வலைமூடியின் கீழ் தானாகக் காயவிட்டால் வலைப்பின்னல் ஏறக்குறையப் போய்விடுகிறது. எத்தனாலுக்கு முன் தண்ணீர் அலசல் முழுமையாக இருக்க வேண்டும். சல்பேட் எத்தனாலில் கரையாது, அலசாமல் விட்டால் வெள்ளைப் படிகமாக அங்கேயே விழும். எத்தனாலும் நீர் கலக்காததாக இருக்கட்டும். மழைக்காலத்தில் திறந்து வைத்த புட்டி காற்றின் ஈரத்தைக் குடித்துவிடும். கடைசியில் காய்வது தண்ணீராகவே இருக்கும்.

ஸ்டியரிக் அமிலம் பத்து நிமிடம், கரைசல் 40 டிகிரி வெதுவெதுப்பில், பிறகு சுத்தமான எத்தனாலில் ஒரு அலசல். இந்த அலசலைத் தவறவிட்டால் மிச்சமிருக்கும் அமிலம் வெள்ளைச் செதிலாகக் காயும். உலர்த்தும் அடுப்பு 60 டிகிரிக்கு மேல் போக வேண்டாம். ஸ்டியரிக் அமிலம் 69 டிகிரியில் உருகி ஓடும்.

விருப்பமிருந்தால் பூச்சுக்கு முன் 180 டிகிரியில் ஒரு மணி நேரம் வைத்து நீல ஹைட்ராக்சைடைக் கருப்பு ஆக்சைடாக மாற்றலாம். ஊசி வடிவம் பெரும்பாலும் காப்பாற்றப்படும். ஸ்டியரிக் அமிலம் இதை அவ்வளவு வேகமாகத் தின்னாது. பனிச் சோதனைக்குப் போகும் தகடுகளுக்கு இந்தப் படியைப் பரிந்துரைக்கிறோம். இரண்டிலுமே விரல் பட்டால் அந்த இடம் போயிற்று. இந்த ஊசிகளுக்கு உரசலைத் தாங்கும் திராணி கிடையாது. சோப்புத் தண்ணீர் பட்டாலும் துளி உட்புகுந்துவிடும்.

பனியை மேசைக்குக் கொண்டுவருதல்

மார்கழிக்குக் காத்திருக்க முடியாது. 40 × 40 மி.மீ. டிஇசி1-12706 பெல்டியர் தகடு, கணினி விசிறியோடு கூடிய அலுமினிய வெப்பக்கடத்தி, இடையில் வெப்பப் பசை, தகட்டின் ஓரத்தில் கே வகை தெர்மோகப்பிள் (வெப்பநிலை உணரி), எல்லாவற்றையும் மூடும் அக்ரிலிக் பெட்டி. பெட்டிக்குள் ஒரு கிண்ணத்தில் கரையாத உப்பு மிச்சமிருக்குமாறு கரைத்த சமையலுப்புக் கரைசல் வைத்தால் ஈரப்பதம் 75 சதவீதத்தில் நிற்கும். விசிறியின் சூடு பெட்டிக்கு வெளியே போக வேண்டும். இல்லாவிட்டால் அரை மணியில் எல்லாம் சூடாகிக் குளிர்ப்பக்கமும் ஏறிவிடும்.

முதல் முயற்சியில் பெல்டியருக்கு 12 வோல்ட் முழுதாகக் கொடுத்தார்கள். தகடு 10 டிகிரியை நோக்கி இறங்க, பழைய தகடு, புதிய தகடு எல்லாமே சேறாக நனைந்தன. திருத்தம் பலிக்கவில்லை என்று முடிவுகட்டும் நிலை. பிழை எங்கே என்பதைக் கணக்கு காட்டும். காற்று 28 டிகிரி, ஈரப்பதம் 75 சதவீதம் என்றால் ஆவியழுத்தம் 2.84 கிலோபாஸ்கல், பனிநிலை ஏறத்தாழ 23 டிகிரி. தகடு 22 டிகிரியில் இருந்தால் அங்கே செறிவு ஆவியழுத்தம் 2.65; மிகைச்செறிவு விகிதம் (காற்றின் ஆவியழுத்தத்தைத் தகட்டின் செறிவு அழுத்தத்தால் வகுத்தது) 1.07. தகடு 12 டிகிரி என்றால் செறிவு அழுத்தம் 1.40, விகிதம் 2-ஐத் தாண்டிவிட்டது. விகிதம் ஏற ஏற, துளி பிறக்கும் இடங்கள் நெருங்கிக்கொண்டே போகும். இடைவெளியில் பிறந்த இரண்டு துளிகள் மேலெழுந்து உருண்டையாகுமுன் பக்கவாட்டில் சேர்ந்துவிட்டால், எவ்வளவு நுண்ணிய ஊசியானாலும் தகடு மூழ்கும்.

2009-இல் டியூக் பல்கலைக்கழகத்தின் போரேகோவும் சென்னும், படிந்த துளிகள் இரண்டு சேரும்போது மிச்சப்படும் பரப்பாற்றலால் தாமாகவே தாவிக் குதிப்பதைக் காட்டினார்கள். 2013-இல் மில்ஜ்கோவிச்சும் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகக் குழுவினரும் ஆக்சைடு இதழ் வளர்த்த செம்பில் இதைச் செய்து, சாதாரண நீர்விலக்குப் பரப்பைவிட ஒடுக்க வெப்பமாற்றக் கெழு (ஆவி நீராகும்போது பரப்பு வெப்பத்தைக் கடத்தும் திறன்) 30 சதவீதம் உயர்ந்ததைப் பதிவுசெய்தார்கள். அதுவும் மிகைச்செறிவு 1.12-க்குக் கீழே இருக்கும்வரைதான். அவர்கள் அளந்தது தூய நீராவியில். நம் பெட்டியில் காற்றும் கலந்திருப்பதால் அந்த எல்லை அப்படியே பொருந்தாது. ஆனாலும் எங்கே தொடங்க வேண்டும் என்பதற்கு அது நல்ல குறி. தகட்டை 22 டிகிரியில் தொடங்கி, அரை டிகிரியாக இறக்கி, ஒவ்வொரு படியிலும் இருபது நிமிடம் நிறுத்துங்கள்.

தகடு செங்குத்தாக இருக்கட்டும். 50 மைக்ரான் ஆரத் துளி தாவும் கணக்கு வேகம் விநாடிக்கு 1.2 மீட்டர், நடைமுறையில் அதில் ஐந்தில் ஒரு பங்குதான் கிடைக்கும், அதாவது 24 செ.மீ. அது சில மில்லிமீட்டர் தாவுவதற்குள் நின்றுவிடும். கிடைமட்டத் தகட்டில் திரும்ப அதே இடத்தில் விழும். கைபேசியின் விநாடிக்கு 240 சட்ட மெதுவோட்டத்தில் பறப்பது தெரியாது. அடுத்தடுத்த இரண்டு சட்டங்களில் பக்கத்துப் பக்கத்தில் இருந்த இரண்டு துளிகள் காணாமல் போயிருந்தால், அதுதான் தாவல்.

22 டிகிரியில் பழைய தகட்டில் துளிகள் ஒழுங்கற்ற வடிவில், பள்ளத்தின் விளிம்போடு ஒட்டி வளர்ந்து, மி.மீ. அளவானபோதும் நகரவில்லை. ஐந்து நிமிடக் குளியல், எத்தனால் அலசல், பத்து நிமிடப் பூச்சு பெற்ற தகட்டில் துளிகள் வட்டமாக வளர்ந்து, அரை மி.மீ. தொடுவதற்கு வெகுமுன் சேர்ந்து மறைந்தன. அதே நல்ல தகட்டை 12 டிகிரிக்கு இறக்கினால் அதுவும் மூழ்கியது. ஒரே தகட்டுக்கு இரண்டு விடை; எந்த நிலையில் அளந்தது என்று எழுதாத முடிவை வைத்து வேறு யாரும் எதையும் செய்ய முடியாது.

மொட்டைமாடியை இதே கணக்கில் பாருங்கள். காற்று 21 டிகிரி, ஈரப்பதம் 95 சதவீதம், தகடு வானத்துக்குக் கதிர்வீசி 18.5 டிகிரிக்கு இறங்கியிருந்தால் விகிதம் 1.11. விளிம்பில் நிற்கிறது. தகட்டுக்கு அடியில் தெர்மோகோல் போட்டால் இன்னும் குளிரும், விகிதம் எல்லையைத் தாண்டும். நல்ல தகடும் தோற்றதுபோலத் தெரியும். தளத்தின் சிமெண்டோடு ஒட்டி வைத்தால் தரையின் சூடு பனியையே தடுக்கும். ஆகவே மாடிச் சோதனையில் தகட்டின் வெப்பநிலையும் காற்றின் ஈரப்பதமும் பதிவாக வேண்டும். மலிவான ஈரப்பத உணரிகள் 90 சதவீதத்துக்கு மேல் ஐந்து சதவீதம்வரை பிசகும் என்பதால், உப்புக் கிண்ணத்தில் ஒருமுறை சரிபார்த்தபின் மேலே எடுத்துப் போங்கள்.

நாகப்பட்டினம், வேதாரண்யம் பக்கத்தில் இதே தகட்டை வைத்தால் கடற்காற்று கொண்டுவரும் உப்பு ஊசி இடுக்குகளில் சேரும். மாலைத் துளிச் சோதனையில் அதன் தடமே தெரியாது. இரவில் உப்புத் துகள் பள்ளத்துக்குள்ளேயே கரைந்து துளிக்கு வேர் போட்டுக் கொடுத்துவிடும். பனிக்கு வைக்கும் நாள் மாலை தகட்டை அயனி நீக்கிய தண்ணீரில் அமிழ்த்தி எடுத்தால் மட்டும் போதாது, ஊசி இடுக்கில் காற்று இருப்பதால் தண்ணீர் உள்ளேயே போகாது. முதலில் எத்தனாலில் நனைத்து, அப்படியே தண்ணீருக்கு மாற்றி, மறுபடி எத்தனாலில் எடுத்துக் காயவிட வேண்டும். இப்படிச் செய்யச் செய்ய ஸ்டியரிக் அமிலமும் கொஞ்சம் கொஞ்சமாகப் போகும். சில முறைக்கு ஒருமுறை பத்து நிமிடப் பூச்சைப் புதுப்பிக்கலாம்.

பயன்படுத்திய குளியல் ஒருமுறைக்குத்தான். அதை வாய்க்காலில் ஊற்றக் கூடாது. அம்மோனியா செம்பைப் பிடித்து வைத்திருப்பதால் சுண்ணாம்பு மட்டும் போட்டால் செம்பு முழுதாக இறங்காது. மெதுவாக அமிலம் சேர்த்து பிஎச் 3 பக்கம் கொண்டுவந்து, பழைய இரும்பு ஆணிகளைப் போட்டு இரண்டு நாள் வையுங்கள். ஆணியின் மேல் செம்பு சிவப்பாகப் படிந்து நீல நிறம் போனபின் சுண்ணாம்பு. அடியில் நிற்கும் வண்டலைத் தனி டப்பாவில் எடுத்து, ஆய்வகக் கழிவோடு சேர்த்துவிட வேண்டும்.